சுடுதளத்து மரியாதை

பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஃபோந்தெனுவா சண்டை ஞாபகம் இருக்கும். 1745ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஊர். பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் எதிரும் புதிருமாக, குரல் கேட்கும் தூரத்தில் வந்து நின்றன. ஆங்கிலேயப் பிரபு ஒருவர் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றி வணங்கி, நீங்கள் முதலில் சுடுங்கள் என்றாராம். பிரெஞ்சு அதிகாரியும் தொப்பியைக் கழற்றி, நாங்கள் ஒருபோதும் முதலில் சுடுவதில்லை, நீங்களே ஆரம்பியுங்கள் என்றாராம். ஆங்கிலேயர் ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். சாயங்காலத்துக்குள் பிரெஞ்சுப் படையே ஜெயித்தது என்பது வேறு விஷயம்.

வால்தேர் எழுதி வைத்ததால் இந்தக் கதை நிலைத்துவிட்டது. அப்படியே நடந்ததா என்று சரித்திர ஆசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க நேரமாகும். முதலில் சுட்டவன் கையில் வெறும் குழல்தான் மிஞ்சும். ஆகவே எதிரியை முதலில் சுடவிடுவதில் மரியாதையோடு கணக்கும் இருந்தது. இதே யுத்தத்தின் ஒரு கிளைதான் நம் பக்கத்துக்கும் வந்து, மறு வருஷம் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

வகுப்பில் இந்தக் கதையை 'பொலித்தேஸ்' என்பதற்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பொலித்தேஸ் என்றால் பண்பான நடத்தை, மரியாதை. செத்துப் போனவனுக்கு அந்த மரியாதையால் என்ன லாபம் என்ற கேள்வி எனக்கு அப்போதே இருந்தது. கேட்டால் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு சாவகாசமாகப் படிக்க ஆரம்பித்தபோது, துப்பாக்கியும் மரியாதையும் சேர்ந்து வரும் இன்னொரு இடம் கண்ணில் பட்டது. போர்க்களம் இல்லை, சுடுதளம். அங்கே உள்ள மரியாதை யாரையும் சாகவிடாமல் பார்த்துக்கொள்கிற மரியாதை. அதன் சரித்திரத்தைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் துவந்த யுத்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் இரண்டு கனவான்களுக்குள் மானப் பிரச்சினை வந்தால் கைத்துப்பாக்கியோடு விடியற்காலையில் சந்திப்பார்கள். இதற்கென்றே ஷாத்தோவிலார் பிரபு 1836இல் ஒரு விதிப் புத்தகம் வெளியிட்டார். எத்தனை அடி தள்ளி நிற்பது, துப்பாக்கியை யார் நிரப்புவது, சாட்சிகள் என்ன செய்வது, எல்லாம் அதில் உண்டு. மரியாதைக்கு ஒரு குறைவும் கிடையாது. ஆனால் கணித மேதை எவாரிஸ்த் கலுவா 1832இல் இருபதே வயதில் இப்படித்தான் மாண்டார். ருஷ்யக் கவி புஷ்கின் 1837இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கையால் இப்படித்தான் மாண்டார். வணங்கிவிட்டுக் கொல்வது. ஃபோந்தெனுவாவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுடுதளத்து மரியாதைக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1858 ஜனவரியில் மூன்றாம் நெப்போலியன் மீது பாரிசில் குண்டு வீசினார்கள். அந்தக் குண்டுகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை என்று தெரியவந்ததும் பிரான்சில் கோபம் பொங்கியது. கடல் தாண்டிப் பிரெஞ்சுக்காரன் வந்துவிடுவான் என்று இங்கிலாந்தில் பயம் பிடித்தது. 1859இல் ஊர் ஊராகத் தொண்டர் படைகள் கிளம்பின. வக்கீல், கடைக்காரர், கணக்குப்பிள்ளை என்று துப்பாக்கியே தொட்டுப் பார்க்காதவர்கள் சேர்ந்தார்கள். லண்டன் அரசாங்க ஆபீஸ்களில் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் மட்டுமே சேர்ந்து 'சிவில் சர்வீஸ் ரைபிள்ஸ்' என்று ஒரு படையே வைத்துக்கொண்டார்கள். பேனாவும் பைலுமாகவே காலம் கழித்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

இவர்களுக்குக் குறி பார்க்கப் பழக்குவதற்காக அதே 1859இல் அங்கே தேசிய ரைபிள் சங்கம் ஏற்பட்டது. 1860 ஜூலை 2ஆம் தேதி லண்டனை அடுத்த விம்பிள்டன் பொட்டலில் முதல் போட்டி. விக்டோரியா மகாராணியே துவக்கி வைத்தார். விட்வர்த் ரைபிள் ஒன்றை இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தி, 400 கெஜத்துக்கு அப்பால் உள்ள இலக்கின் மையத்துக்கு முன்னதாகவே குறி வைத்துவிட்டார்கள். ராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார், அவ்வளவுதான். தோட்டா மையத்தில் போய் விழுந்தது.

பட்டுக்கயிறு ராணிக்குச் சரி. மற்றவர்களுக்கு? ஒருவரை ஒருவர் அறியாத நூற்றுக்கணக்கான பேர், நிஜத் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு, தோளுக்குத் தோள் நிற்கிறார்கள். எதிரே இலக்குகளுக்குப் பக்கத்தில் குறி காட்டுகிற ஆட்கள் மறைவில் இருக்கிறார்கள். ஒருவன் அவசரப்பட்டால் போதும், ஒருவன் பேச்சு சுவாரசியத்தில் திரும்பினால் போதும். ராணுவத்தில் என்றால் சார்ஜன்ட் அடித்துத் திருத்துவார். இவர்கள் சந்தா கட்டி வந்த கனவான்கள். ஆகவே கட்டளையின் இடத்தில் பழக்கம் வந்து உட்கார்ந்தது. சிவப்புக் கொடி ஏறினால் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. சுடுகிறவனோடு பேசக் கூடாது. சுட்டு முடித்தவன் துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். இதையெல்லாம் மீறினால் ஆபத்து என்பது மட்டும் இல்லை, மட்டமான ஆள் என்ற பெயரும் வந்துவிடும். இந்த இரண்டாவது பயம் சில சமயம் முதல் பயத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

லண்டன் வளர்ந்து விம்பிள்டனை நெருங்கியதால், 1890இல் போட்டியை சர்ரே மாவட்டத்தில் உள்ள பிஸ்லிக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் நடக்கிறது. பிஸ்லியில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு அல்லது மூன்று பேர் ஒரே இலக்கைப் பங்கிட்டுக்கொண்டு முறை வைத்துச் சுடுவார்கள். ஒருவர் சுடும்போது அவருடைய புள்ளிகளைப் பக்கத்தில் இருக்கும் அடுத்த போட்டியாளர் உரக்கச் சொல்லி எழுதிக்கொள்வார். முறை மாறும்போது எழுதும் வேலையும் கை மாறும். அதாவது யாரை நான் தோற்கடிக்க வந்தேனோ அவர் கையில் என் கணக்கு, அவர் கணக்கு என் கையில்.

ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். பதவி உயர்வுக்கு நம்மோடு போட்டியில் நிற்பவரே நம் ரகசியக் குறிப்பேட்டை எழுதுகிறார் என்று நினைத்துப் பாருங்கள்! எத்தனை ஆபீசில் இது நடக்கும்? அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. இலக்குக் காட்டுபவர் தவறாகக் காட்டினார் என்று தோன்றினால் ஆட்சேபிக்கவும் வழி உண்டு. அதற்கு ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். ஆட்சேபம் சரி என்றால் காசு திரும்ப வரும், தவறு என்றால் போனது போனதுதான். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற வேலைக்கு இடமே இல்லை. பெரிய பரிசை வென்றவரை நாற்காலியில் உட்கார வைத்து, பாண்டு வாத்தியத்தோடு தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். 1930இல் மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆண்கள் எல்லாரையும் ஜெயித்து மன்னர் பரிசை வாங்கினார். பெண் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. அவரையும் அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்தப் பழக்கவழக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு 1874இல் ஒரு சோதனை வந்தது. அயர்லாந்துக்காரர்கள் அதற்கு முந்திய வருஷம் விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை ஜெயித்திருந்தார்கள். அந்தத் தெம்பில் மேஜர் லீச் என்பவர் அமெரிக்கர்களைப் போட்டிக்கு அழைத்தார். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், க்ரீட் என்பவரின் பண்ணை நிலத்தில் அமைத்த க்ரீட்மூர் சுடுதளத்தில் செப்டம்பர் 26ஆம் தேதி போட்டி. ஒரு பக்கம் ஆறு பேர். 800, 900, 1000 கெஜம் என்று மூன்று தூரங்கள், ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்குப் பதினைந்து தோட்டா. அயர்லாந்துக்காரர் கையில் வாய் வழியாக மருந்து நிரப்பும் ரிக்பி துப்பாக்கி. அமெரிக்கர் கையில் பின்பக்கம் நிரப்பும் புது ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகள். வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், போட்டி இன்னும் முடியாத நிலையில், மேஜர் லீச் எழுந்து அமெரிக்கச் சுடுநர்களுக்கு ஒரு வெள்ளிக் கூஜாவைப் பரிசாகக் கொடுத்தார். யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாத நேரத்தில் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். ஜெயித்த பிறகு கொடுத்தால் பெருந்தன்மை காட்டினது போல ஆகும், தோற்ற பிறகு கொடுத்தால் சமாதானம் செய்தது போல ஆகும். நடுவில் கொடுத்தால்தான் அது வெறும் மரியாதையாக இருக்கும். 'லீச் கோப்பை' என்ற பெயரில் அதற்கு இன்றைக்கும் அமெரிக்காவில் போட்டி நடக்கிறது.

அன்றைக்கு மில்னர் என்ற அயர்லாந்துக்காரர் சுட்ட ஒரு தோட்டா மையத்தில் போய் அழகாகப் பதிந்தது. ஆனால் பக்கத்து இலக்கின் மையத்தில். விதிப்படி பூஜ்யம். மையத்துக்கு நான்கு புள்ளி. கடைசியில் அயர்லாந்து 931 புள்ளியோடு முடித்தது. அமெரிக்கா 930. ஒரே ஒரு குண்டு பாக்கி. சுட வேண்டியவர் கர்னல் போடைன். சற்று முன் ஜிஞ்சர் பீர் பாட்டில் வெடித்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, ரத்தம் கசிய, 1000 கெஜத்தில் சுட்டார். மையம். 934க்கு 931.

மூன்று புள்ளியில் தோல்வி. மில்னரின் நான்கு புள்ளி சேர்ந்திருந்தால் அயர்லாந்துதான் ஜெயித்திருக்கும். தோட்டா மையத்தில் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள், குறியில் குறை இல்லை, இலக்கு எண்தான் மாறிப்போயிற்று என்று வாதாட எவ்வளவோ இடம் இருந்தது. முடிவு அப்படியே நின்றது. மறு வருஷம் 1875இல் அதே அயர்லாந்துக்காரர்கள் அமெரிக்கர்களைத் தங்கள் நாட்டுக்கு அழைத்து, டப்ளின் அருகே டாலிமவுண்டில் மறுபடியும் போட்டி போட்டு, மறுபடியும் தோற்றார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தெரு சொல்தா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். ஜூலை 14 வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு ஊர்வலத்தில் போவார்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார், நாங்கள் பையன்கள் கேட்போம். ஒரு நாள் நான் ஒட்டடைக் கம்பைத் துப்பாக்கி மாதிரி பிடித்து நண்பனைக் குறிபார்த்தேன். சொல்தா எழுந்து வந்து கம்பைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் தாழ்த்தினார்.

"தம்பி, ஆளைப் பார்த்து நீட்டாதே."

"இது வெறும் கம்பு மாமா."

"கம்பா துப்பாக்கியா என்று உனக்குத் தெரியும். எதிரே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

சுடும் கோட்டுக்கு பிரெஞ்சில் 'பா த தீர்' என்று பெயர். அங்கே இரண்டே வார்த்தைதான் முக்கியம் என்பார் அவர். ஒன்று 'பர்தோன்', மன்னிக்கணும். இன்னொன்று 'மெர்சி', நன்றி. அடுத்தவன் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் முதலாவது, தொட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டாவது. "கேட்காமல் தொட்டவனை எங்கள் பட்டாளத்தில் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டோம்" என்பார்.

இன்று எந்த நாட்டுப் பொதுச் சுடுதளத்துக்குப் போனாலும் சொல்தா சொன்னதுதான் விரிவாக எழுதி மாட்டியிருக்கும். குழல் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் நேரம் வரை விரல் விசைக்கு வெளியே. சுடாத நேரத்தில் துப்பாக்கி திறந்தபடி, தோட்டா இல்லாமல், அதற்கு அடையாளமாகக் குழலில் ஒரு வண்ண நாடாவோ கொடியோ செருகியிருக்க வேண்டும். இலக்கை மாற்ற யாராவது முன்னால் நடந்து போனால், திரும்பி வரும் வரை மற்றவர்கள் துப்பாக்கிப் பக்கமே போகாமல் தள்ளி நிற்க வேண்டும். துடைக்கிறேன், சரி பார்க்கிறேன் என்ற சாக்கெல்லாம் கிடையாது. 'நிறுத்து' என்று யார் கத்தினாலும், அவர் அதிகாரியாக இருந்தாலும் நேற்றுச் சேர்ந்த பையனாக இருந்தாலும், எல்லாரும் நிறுத்த வேண்டும்.

எழுதி மாட்டாத சிலவும் உண்டு. பக்கத்தில் புதிதாக ஒருவர் தடுமாறினால், அவர் கேட்ட பிறகுதான் யோசனை சொல்வது. அடுத்தவர் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போது தும்மலைக்கூட அடக்கப் பார்ப்பது. அவர் காதடைப்பானைக் கழற்றியிருந்தால் அவர் மறுபடி மாட்டும்வரை நாம் சுடாமல் காத்திருப்பது. சிதறிய காலித் தோட்டாக் கூடுகளைப் பெருக்கிவிட்டுப் போவது, அதிலும் அடுத்தவர் கூடுகளைக் கேட்காமல் பொறுக்காமல் இருப்பது. வெற்றுக் கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள் இருப்பதால் அதற்கும் சொந்தக்காரர் உண்டு.

மில்னருக்கு நேர்ந்தது நூற்றிமுப்பது வருஷம் கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் நேர்ந்தது. 2004ஆம் ஆண்டு, 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டி. அமெரிக்கர் மாத்யூ எம்மன்ஸ் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தார். கடைசித் தோட்டா சுமாராகப் பட்டாலே தங்கம். சுட்டார். திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் இடத்தில் நின்றவர் மூன்றாம் இலக்கைச் சுட்டிருந்தார். பூஜ்யம். முதல் இடத்திலிருந்து எட்டாம் இடம். தங்கம் சீனாவின் ஜியா ஷான்போவுக்குப் போயிற்று. யாருடைய இலக்கில் அவர் தோட்டா பாய்ந்ததோ அந்த ஆஸ்திரியாக்காரர் பிளானருக்கு வெண்கலம். எம்மன்ஸ் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, ஜெயித்தவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அன்று இரவு செக் நாட்டுச் சுடுநர் கதெர்ஷினா குர்கோவா தேடி வந்து ஆறுதல் சொன்னார். மூன்று வருஷம் கழித்து இருவருக்கும் கல்யாணம். தங்கம் போனால் என்ன என்று வீட்டில் சொன்னேன். "அந்தப் பெண் வந்தது நல்ல மரியாதை" என்றாள் என் மனைவி.

தடம் மாறிய தோட்டாவைப் பற்றிய விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் இலக்கில் என் தோட்டாவோடு பக்கத்துக்காரர் தோட்டாவும் பட்டு, எது யாருடையது என்று தெரியாமல் போனால், இரண்டில் உயர்ந்த புள்ளியை எனக்குத்தான் கொடுக்க வேண்டும். தவறு செய்யாதவனுக்குச் சந்தேகத்தின் பலன். அதே விதியின் மறுபக்கம், என் இலக்கில் நான் சுடாத ஒரு தோட்டா இருந்தால், அது என்னுடையது இல்லை என்று நானே உடனே அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டா மையத்தில் இருந்தாலும்.

நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு அலுவலகத்தில் ஒருவருக்கு அரியர்ஸ் தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது. அவரே வந்து சொன்னார். வெளியே போனதும் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சிரித்தார்கள். சுடுதளத்தில் அவரை யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் தன் இலக்கில் விழுந்த அந்நியத் தோட்டாவை மறைக்கிறவன் நாளைக்குத் தன் துப்பாக்கியில் தோட்டா இருப்பதையும் மறைப்பான். அப்படிப்பட்டவன் பக்கத்தில் யார் நிற்பார்கள்? அங்கே பொய்க்குக் கூலி உயிராக இருக்கலாம் என்பதால்தான் உண்மைக்கு அவ்வளவு மதிப்பு.

கடைசியாக ஒன்று. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கிய அதே சமயம் ருஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் யுத்தம் மூண்டது. பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி ஆகஸ்ட் 10ஆம் தேதி நடந்தது. தங்கம் சீனாவுக்கு. வெள்ளி ருஷ்யாவின் நத்தாலியா பதேரினாவுக்கு. வெண்கலம் ஜார்ஜியாவின் நீனோ சலுக்வாத்சேக்கு. சலுக்வாத்சே சாமானியப்பட்டவர் இல்லை. 1988இல் சோவியத் யூனியனுக்காகத் தங்கம் வாங்கியவர், 2024 பாரிஸ் வரை பத்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். 2016இல் பெற்ற மகனோடு சேர்ந்தே ஒலிம்பிக்குக்குப் போனவர். அன்று மேடையில், ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில், இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் படத்தைப் போட்டன.

அதனால் யுத்தம் நின்றுவிடவில்லை. நிற்கும் என்று அந்தப் பெண்மணிகளும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். சற்று முன்வரை இருவர் கையிலும் துப்பாக்கி இருந்தது. ஒரே கோட்டில், ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். பக்கத்தில் நிற்பவள் திரும்ப மாட்டாள் என்ற நிச்சயம் இரண்டு பேருக்கும் இருந்தது. சிறு வயதில் வகுப்பில் நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு இந்தப் படத்தைத்தான் பதிலாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம், உடம்பு இடம் கொடுத்தால், பெத்தாங்க் ஆட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். இரும்புக் குண்டுதான், ஆனால் அதில் யாருக்கும் ஆபத்து இல்லை, கால் விரலில் விழாத வரையில்.